கதவில் வைத்த கால்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேருந்து நிலையத்தின் முகப்பில், கார்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும் இடத்தில், 'கிஸ் அண்ட் ரைடு' என்று ஒரு பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். முத்தம் கொடு, வண்டி ஏறு. சுவரில் எவனோ கரியால் கிறுக்கியதல்ல, அரசாங்கமே எழுதிவைத்தது. முதல் நாள் என்னை வேலைக்கு அனுப்ப வந்த என் வீட்டுக்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, காரை முப்பதடி முன்னாலேயே நிறுத்தி, "இங்கயே எறங்கிக்க புள்ள, அந்த போர்டுக்குக் கீழ போயி நிக்க வேண்டாம்" என்றார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமான மனிதருக்கு வந்த வெட்கத்தைப் பாருங்கள். பிறகு கூட வேலை செய்பவர்கள்தான் சொன்னார்கள், வழியனுப்ப வருகிறவர்கள் காரை ரொம்ப நேரம் நிறுத்தக்கூடாது என்பதற்கு இங்கே அப்படித்தான் பெயராம். விஷயம் தெரிந்த பிறகும் அவர் பலகைக்கு முப்பதடி முன்னால்தான் நிறுத்துகிறார். நான் பனியில் நடந்துதான் போகிறேன்.

கனடாவில், டொரண்டோவுக்கு மேற்கே உள்ள ஒரு புறநகரில் இருந்து இதை எழுதுகிறேன். வந்து மூன்று வருஷமாகிறது. அவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெஷின்களைப் பராமரித்தவர், இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் அதே வேலை. மகள் வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். நான் முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். நாற்பது டைலர்களை ஒரே சத்தத்தில் நிமிர வைத்த வாய் இது. இப்போது சில மாதமாக, ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் ஒரு சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் நேரம் தவறினாலோ புகார் வந்தாலோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நிலையம் என்றதும் நம் ஊர் பஸ் ஸ்டாண்டை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவிநாசி, அவிநாசி என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் இல்லை, வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் இல்லை, கண்டக்டரே இல்லை. பேருந்துகளுக்கு மட்டும் என்று நெடுஞ்சாலை ஓரமாகப் பள்ளம் தோண்டி ஒரு தனிச் சாலை போட்டிருக்கிறார்கள். அதில் சிக்னல் கிடையாது, குறுக்கே ஒரு மாடு கிடையாது. ரயிலுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் பிளாட்பாரம், மேலே கார் நிறுத்துமிடம், இறங்க லிப்டு, உட்காரக் கண்ணாடி அறை. தரைக்கு அடியில் சூடு ஓடுவதால் பனி விழுந்தவுடன் கரைகிறது. அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் என்று திரையில் ஓடுகிறது, ஓடியபடியே வருகிறது. கதவு திறக்கும், கார்டைத் தொட்டு ஏற வேண்டும், கதவு மூடும், போய்விடும். ஓட்டுநர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஹாரன் அடிப்பதே இல்லை. ஹாரன் அடிக்காத வண்டியை நான் எதை வைத்து நம்புவது?

நம்பாமல் போனதற்கு உடனே பலனும் கிடைத்தது. எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி ஒன்று, நடுவில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று, இரண்டும் ஒரே பிளாட்பாரத்தில் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். முதல் வாரமே இரண்டு நாள் எக்ஸ்பிரஸில் ஏறி, நான் இறங்க வேண்டிய இடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். மேலாளர் என் கையைப் பிடித்து ஒப்படைக்காத குறையாக டெனீஸிடம் சொன்னார், இவளைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு வா என்று.

டெனீஸ் இந்த ஊரிலேயே பிறந்தவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கிராப் தலை. சலவைக்கூடத்தில் அழுக்குத் துணிகளைப் பிரிக்கும் வேலை. எங்கள் நிலையத்தில்தான் அவளும் காரை நிறுத்திவிட்டுப் பேருந்து ஏறுகிறாள். இரண்டு வாரம், காலை ஆறு இருபது வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எந்த வண்டி எதுவென்று நெற்றியில் ஓடும் எண்ணை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவள் மழையையும் பனியையும் பற்றிப் பேசுவாள். நான் என் அரைகுறை இங்கிலீஷில் மகள் ஜாதகம் வரைக்கும் சொல்லிவிட்டேன். ஷாந்தி என்று கூப்பிட்டாள். என் பெயர் சாந்தாமணி, ஆனால் திருத்தவில்லை. இந்த நாட்டில் வீட்டுக்காரரைத் தவிர என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடைத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த ஒரு துணையை நான் எப்படிக் கெடுத்துக்கொண்டேன், உண்மையில் கெடுத்துக்கொண்டேனா இல்லையா என்பதே எனக்கு விளங்காமல்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் அவளைக் காணோம். அண்ணாந்து பார்த்தால், மேலே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் அவளுடைய சிவப்புக் கார் நிற்கிறது. உள்ளே தலை தெரிகிறது. ஆறு இருபது வண்டி வந்து கதவும் திறந்துவிட்டது. அவள் அசையவில்லை. பாவி, தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, வேலைக்குத் தாமதமாகப் போகிறாளே என்று எனக்குப் பதறியது. ஒரு காலை வண்டிக்குள் வைத்தேன், இன்னொரு காலைக் கதவு மூடும் இடத்தில் ஊன்றிக்கொண்டேன். இரண்டு கையையும் தூக்கி அந்தக் காரைப் பார்த்து ஆட்டினேன். ஓட்டுநர் ஏதோ சொன்னார். "சாரி சார், மை பிரெண்ட், டூ மினிட்ஸ்" என்றேன். வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். டெனீஸ் காரிலிருந்து இறங்கி, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் படியில் ஓடி வந்து மூச்சிரைக்க ஏறினாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பழைய வேலை திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

பழைய வேலை என்றால், கம்பெனி வேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குள் கம்பெனி சேர வேண்டும். முன் சீட்டில் நான், ஸ்டியரிங்கில் ராசு. ஒவ்வொரு முக்கிலும் ராசு ஹாரன் அடிப்பான், நான் தலையை எண்ணுவேன். ஒரு ஆள் குறைந்தாலும் வண்டி நகராது. அது இரக்கத்தால் மட்டுமல்ல. ஒரு டீசர்ட் பதினைந்து பேர் கை மாறித்தான் முடிகிறது. தோள் கூட்டுகிறவள் வந்து கழுத்து வைக்கிறவள் வராவிட்டால், வராதவள் மெஷின் முன்னால் பீஸ் மலையாகக் குவியும், அவளுக்கு அடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லைனே நின்றுவிடும். ஆகவே முடியைப் பின்னிக்கொண்டே ஓடி வரும் பிள்ளைக்கும், குழந்தைக்குச் சோறூட்டி முடிக்காத பிள்ளைக்கும் வண்டி நிற்கும். "ஏங்கண்ணு, மெதுவா வா, ஓடி உழுந்திராத" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவேன். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நாளைக்கு அவர்களுக்கும் நிற்கும் என்று தெரியும்.

ஒரே ஒரு நாள் நிற்கவில்லை. பூங்கொடி என்று ஒரு பெண், மடத்துக்குளத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், கழுத்து வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தினமும் ஐந்து நிமிடம் தாமதம். அன்றைக்கு ஷிப்மென்ட், சரக்கு வாங்கும் பையரின் ஆள் நேரில் வருகிறார். ராசு இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, "போலாமுங்களாக்கா?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல். போ என்றேன். வண்டி திரும்பும்போது பின் கண்ணாடியில் பார்த்தேன், சந்து முனையில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறாள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த நாளும் அவள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்குகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாளுங்க என்றார் வீட்டுக்கார அம்மா. என்ன சண்டை, என்ன கஷ்டம், ஒன்றும் தெரியாது. அன்றைக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தால் வண்டியில் வாயைத் திறந்து சொல்லியிருப்பாளோ என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு என் வண்டி யாரையும் விட்டுவிட்டுப் போனதே இல்லை.

ஆக, டெனீஸுக்காகக் கதவில் கால் வைத்தது ஒரு நாளோடு முடியவில்லை. மூன்று வாரத்தில் ஏழெட்டு முறை வைத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அவள் ஓடி வந்தாள். ஒவ்வொரு முறையும், நீ இப்படிச் செய்யத் தேவையில்லை ஷாந்தி, எனக்காக நிற்காதே, நீ போய்விடு என்று சொல்லத்தான் செய்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்க என்பார்கள், வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க என்போம். அது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாமுங்க என்போம், அது பழக்கம். மூன்றாவது தடவை இலையைப் போட்டுவிடுவார்கள், உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் 'வேண்டாம்' என்றதும் சரி என்று விட்டுவிடுகிறவர்களை ஊரில் என்ன பேசுவார்கள்? டெனீஸின் 'தேவையில்லை'யையும் நான் அந்தக் கணக்கில்தான் வைத்தேன். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் என்று வீட்டுக்காரரிடம் வேறு மெச்சினேன்.

எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, மஞ்சள் சட்டை போட்ட நிலைய அதிகாரி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கதவில் ஏதாவது தட்டுப்பட்டால் வண்டியின் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும், நகரவே நகராது, பின்னால் வரும் வண்டிகளுக்கு ஒதுங்க இடம் கிடையாது, ஒன்றன் பின் ஒன்றாக நாலு நிலையம் வரைக்கும் நின்றுவிடும் என்று விளக்கினார். இன்னொரு முறை நடந்தால் என் வேலையிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். எனக்குக் காது சுட்டது. லைன் நிற்கக்கூடாது என்றுதான் பதினெட்டு வருஷம் வேன் நிறுத்தினேன். இங்கே வண்டியை நிறுத்தி லைனையே நிறுத்தியிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவரிடம் சாரி மட்டும் நாலு தடவை சொன்னேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில், உன்னால்தானடி எனக்கு இந்தப் பேச்சு என்கிற உரிமையோடு டெனீஸிடம் அதைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஷாந்தி, நான் தாமதமாக வருகிறவள் இல்லை. ஆறு மணிக்கே வந்துவிடுவேன். ஆறு முப்பத்தைந்துதான் என் வண்டி, பத்து வருஷமாக அதுதான். வீட்டில் என் கணவர் படுக்கையில் கிடக்கிறார். இங்கே நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். நடுவில் அந்தக் காருக்குள் இருக்கிற அரை மணி நேரம் மட்டும்தான் என்னுடையது. அதைத்தான் நீ எடுத்துக்கொண்டாய்."

நான் அவள் சொன்னதை மனதுக்குள் தமிழில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். தப்பாகக் கேட்டிருப்பேனோ என்று. சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு வழிகாட்டுவதற்காக இரண்டு வாரம் தன் வண்டியை விட்டு முந்தின வண்டியில் வந்திருக்கிறாள். அதை நான் வாழ்நாள் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஏன் ஓடி ஓடி வந்தாய் என்று கேட்டேன். "வண்டி முழுக்க ஜனம் காத்திருக்கும்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பது?" என்றாள்.

அவமானமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அது கோபமாக மாறியது. அப்படி என்ன தனிமை அது? புருஷன் படுக்கையில் கிடக்கிற சங்கதியை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாரம் இரண்டு நாள் போய் ரசம் வைத்துக் கொடுத்திருக்க மாட்டேனா? தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் பார்த்தால் பக்கத்தில் போய் உட்காருவதுதானே மனுஷ லட்சணம்? இதையெல்லாம் வீட்டில் கொட்டித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அவிய ஊரு, அவிய பழக்கம். எதுக்குப் புள்ள நீ ஊரையே வண்டியேத்தி உடறே?" என்றார். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. வேனுக்கு ஓடி வந்த பிள்ளைகளின் முகமெல்லாம் வந்து போயின. ஹாரன் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் எத்தனை பேர், இந்த வண்டி இன்றைக்கு ஒரு நாள் நம்மை விட்டுவிட்டுப் போகாதா என்று நினைத்திருப்பார்கள்? பூங்கொடி அன்றைக்குச் சந்து முனையில் நின்றாளே, கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. நின்றாள், அவ்வளவுதான். பத்து வருஷமாக அந்த நிற்பை நான் ஒரு மாதிரிதான் படித்திருக்கிறேன். இப்போது எப்படிப் படிப்பது என்றே தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தெரிந்த வழி பலகாரம்தான். அந்த வாரம் கச்சாயம் சுட்டேன். வெல்லமும் அரிசி மாவும் கலந்து எண்ணெயில் போட்டு எடுப்பது, டெனீஸ் அதை டோனட் என்றே சொன்னாள். ஒன்று தின்றாள், நன்றாயிருக்கிறது என்றாள். இன்னொன்று எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம், போதும் என்றாள். என் வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரே ஒரு 'வேண்டாம்' கேட்டவுடன் டப்பாவை மூடினேன். மூடும்போது அவள் கண் டப்பாவின் மேலேயே இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. உண்மையில் இன்னொன்று வேண்டியிருந்ததோ என்னவோ. திறப்பதா வேண்டாமா என்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவள், திங்கட்கிழமைகளில் நான் உன்னோடு ஆறு இருபதில் வருகிறேன் ஷாந்தி, திங்கள் உனக்கு, மற்ற நாள் எனக்கு என்றாள். சிநேகிதத்துக்குக்கூட டைம் டேபிள் போடுகிற ஊர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் நாளைக்குத் திங்கள் என்று மனது துள்ளத்தான் செய்தது. நான்கு திங்கள் அப்படிச் சேர்ந்து போனோம். தன் புருஷனைப் பற்றிக்கூட ஒரு நாள் கொஞ்சம் சொன்னாள்.

போன திங்கட்கிழமை நல்ல பனி. கார்க் கண்ணாடியில் உறைந்திருந்ததை என் வீட்டுக்காரர் சுரண்டி முடிக்கவே பத்து நிமிடம் ஆகிவிட்டது. நான் படியில் பாதி இறங்கும்போது ஆறு இருபது கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. கதவை ஒட்டிய இருக்கையில் டெனீஸ் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். ஓடினேன். வழுக்கும் என்று பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே, இந்த வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். அவள் எழுந்து ஒரு எட்டு வைத்தால் கதவு. ஒரு காலை நீட்டினால் போதும். எழவில்லை. கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தாழ்த்தி, கண்ணாடி அறைப் பக்கமாகக் காட்டினாள். உட்கார் என்றா, பொறு என்றா, அடுத்ததில் வா என்றா, எனக்குப் புரியவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. கதவு மூடியது, வண்டி சத்தமில்லாமல் போய்விட்டது. அது என்னுடைய திங்கட்கிழமை.

கண்ணாடி அறையில் போய் விழுந்தேன். திரையில் பதினைந்து நிமிடம் என்று ஓடியது. முதலில் அவளைத் திட்டினேன், நம் ஊர் பாஷையில், வாய்விட்டே. கேட்பதற்கு ஆளில்லை. பழிவாங்கிவிட்டாள் என்றது ஒரு மனது. இல்லை, அவளுக்கு உலகத்திலேயே பெரிதாகத் தெரிகிற அந்தத் தனி நேரத்தை எனக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றது இன்னொரு மனது. இரண்டும் மாறி மாறிப் பேசிக் களைத்து அடங்கிப்போயின. தரையின் சூடு பூட்ஸ் வழியாக ஏறியது. யாரும் கூப்பிடவில்லை. எனக்கும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை, எண்ணுவதற்குத் தலைகள் இல்லை. என் உடம்பு எனக்கே லேசாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்த அடுத்த நொடி, இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று அழுகை பொங்கியது. எதற்காக அழுதேன் என்று சத்தியமாகத் தெரியாது.

முகத்தைத் துடைத்தபோதுதான் கவனித்தேன், என் சாப்பாட்டுப் பை பக்கத்து இருக்கையில் இருந்தது. நான் வைத்த ஞாபகமே இல்லை. கை தானாக வைத்திருக்கிறது, டவுன் பஸ்ஸில் பின்னால் ஏறுகிறவளுக்கு இடம் பிடித்து வைப்போமே, அப்படி. அந்த அறையில் இருப்பதே இரண்டு இருக்கைதான். காபிக் கோப்பையோடு ஒருவர் உள்ளே வந்து, பையைப் பார்த்து, இங்கே யாராவது வருகிறார்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

பையை எடுத்து மடியில் வைத்திருக்க வேண்டும். "ஆமாம், வருகிறார்கள்" என்றேன்.

சரி என்று தலையசைத்து அவர் சுவரோரமாக நின்றுகொண்டார். வருவது யார் என்று பார்ப்பது போலப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பையை எடுக்கவும் எனக்குக் கை வரவில்லை.